மெஷினுக்குத் தெரியாத முகம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அதன் வாசலில், முகம் பார்த்து வருகை போடும் மெஷின் வைத்தார்கள். எல்லாரையும் பேர் சொல்லி வரவேற்கும் அந்த மெஷின், கூட்டிப் பெருக்கும் தவமணி எதிரே நின்றால் மட்டும், "இங்கே யாரும் இல்லை" என்றது.

மேனேஜர் குணசீலன், "மெஷின் பொய் சொல்லாது. நாளைக்கும் அது உன்னைப் பார்க்கலைன்னா உனக்கு வேலை கிடையாது" என்றார்.

"ஏனுங்க, கறுத்த வாட்ச்மேனை அதுக்குத் தெரியுது. சிவத்த டைப்பிஸ்ட் அம்மிணியையும் தெரியுது. கறுப்பாவும் பொம்பளையாவும் இருந்தா மட்டும் ஆளே இல்லைங்களா? யார் முகத்தையெல்லாம் காட்டி இதைப் பழக்குனீங்க?" என்று கேட்டாள் தவமணி.

"கம்ப்யூட்டர் சமாச்சாரம் உனக்கெதுக்கு? போ!"

மறுநாள் முதலாளியே வந்து வாசலில் நின்றார். தவமணி கடவுளை நினைத்துக்கொண்டு, சுவரில் மாலையோடு இருந்த முதலாளியின் அப்பா படத்தைக் கழற்றித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். பெரியவர் காலமாகி வருஷங்கள் ஆகியிருந்தாலும், மெஷினுக்குப் பூஜை போட்ட அன்று ராசிக்காக அவர் படத்தைத்தான் முதலில் காட்டியிருந்தார்கள்.

மெஷின் பளிச்சென்று விழித்தது. "வணக்கம், ராஜமாணிக்கம் ஐயா. உள்ளே வாருங்கள்."

கதவு தானாகத் திறந்தது. மகனின் கைகள் குவிந்தன.

படத்துக்குப் பின்னாலிருந்து தவமணியின் குரல் வந்தது. "செத்தவரு வந்துட்டாருங்க. உசுரோட நிக்கற நான்தான் வரலியாம். மெஷின் பொய் சொல்லாதுன்னீங்களே மேனேஜரய்யா, பெரியவருக்கு என்ன வேலை குடுக்கறீங்க?"

முதலாளி மெல்லப் படத்தை வாங்கிக்கொண்டார். "நீங்க உள்ளே போங்கம்மா. எல்லார் முகத்தையும் படிச்சு முடிக்கிற வரைக்கும் இந்த மெஷின்தான் வேலைக்கு வரவேண்டாம்."