நெட் பெட்டிக்குக் காவல் வைத்த கதை

ஆரணிக்குப் போகிற வழியில், ரைஸ் மில்லைத் தாண்டினால் ஒரு காம்பவுண்டு வரும். நாலு வீடு, ஒரு கிணறு, ஒரு கேட்டு, ஒரு நெட் கனெக்‌ஷன். நாலு பேருக்கும் மூளைகூடப் பொதுவில் ஒன்றுதான் என்று ஊரில் பேச்சு. அது யார் வீட்டில் இருக்கிறது என்பது இன்றுவரை தெரியவில்லை.

நெட் பெட்டி திருவேங்கடம் வீட்டு ஹாலில், காலண்டருக்குக் கீழே மாட்டியிருந்தது. ஆகவே அவர்தான் தலைவர். அடுத்த வீட்டு மாசிலாமணி சைக்கிள் ஸ்டாண்டு நடத்தியவர். உலகத்தில் எதுவும் திருட்டுப் போகும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. மூன்றாம் வீட்டுக் குப்புராஜ் பக்திமான். நாலாம் வீட்டு அந்தோணிசாமி, கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னதே சரி என்பார். அவருக்கு விரோதி என்று யாரும் கிடையாது.

மாதாமாதம் பாதி மாதம் ஆவதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். பெட்டி படுத்துவிடும். கம்பெனிக்காரன் மீட்டரில் ஏதோ தில்லுமுல்லு பண்ணுகிறான் என்பதில் நாலு பேருக்கும் சந்தேகமே இல்லை.

"நாம அப்படி என்னத்தப் பார்க்கிறோம்?" என்று கேட்டார் திருவேங்கடம்.

"என் வீட்ல டிவியில கோயில் லைவ் ஓடுது. விடியக்காலையில போட்டா நடை சாத்தறவரைக்கும் ஓடும்" என்றார் குப்புராஜ். "ஆனா வீட்ல ஒருத்தரும் பார்க்கறதில்லண்ணே. பூஜை ரூம்ல இருக்கிற சாமிதான் பார்க்குது."

"சாமி பார்க்கிறதுக்கெல்லாமா மீட்டர் ஓட்டுவான்? நாத்திகப் பசங்க" என்றார் மாசிலாமணி.

"நாத்திகப் பசங்க" என்றார் அந்தோணிசாமி.

இத்தனை நாளும் இதை வயிற்றெரிச்சலோடு பொறுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாதம் பொறுக்க முடியாத காரியம் ஒன்று வந்தது. தோஹாவில் இருக்கும் திருவேங்கடத்தின் மகள் மங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. பேர் வைக்கும் விழா மாதக் கடைசியில். குழந்தைக்குத் தன் அப்பா பேரான வைத்தியலிங்கத்தை வைக்க வேண்டும் என்பது திருவேங்கடத்தின் ஆசை. சம்பந்திக்கோ தன் அப்பா பேரான கோவர்த்தனத்தின் மேல் ஆசை. போனில் பெரிய ரகளையாகி, கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். முகூர்த்த நேரத்தில் திருவேங்கடம் வீடியோ காலில் வந்து, குழந்தையின் காதில் மூன்று தடவை பேரைச் சொன்னால் வைத்தியலிங்கம். நெட் வரவில்லையென்றால் கோவர்த்தனம்.

சம்பந்தி தோஹாவுக்கே போய் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் போன் பண்ணி, "சம்பந்தி, நெட்டு எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். திருவேங்கடத்துக்குச் சோறு இறங்கவில்லை. கோவர்த்தனம் என்று கூப்பிட்டுத் தன் பேரனைக் கொஞ்சுவதை நினைக்கவே அவருக்குப் பொறுக்கவில்லை.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, அப்பவும் மீட்டர் ஓடுதான்னு போன்ல பாருங்க சார்" என்றாள்.

எல்லாவற்றையும் ஆஃப் பண்ணினார்கள். நாலு வீட்டு மெயின் சுவிட்சையும் இறக்கினார்கள். மோட்டார் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, நெட் பெட்டியும் நின்றது. எல்லாம் என்றால் எல்லாம்தானே என்று அந்தோணிசாமி சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியையும் கழற்றினார். திருவேங்கடத்தின் மனைவி அலமேலு பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அந்தக் கேஸ் அடுப்பையும் அணைத்தார்கள். பிறகு நாலு தலையும் ஒரு போன்மேல் குனிந்து, கம்பெனியின் மீட்டர் பக்கத்தைத் திறந்தன. நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஓடுது" என்றார் மாசிலாமணி. "கரண்டே இல்ல, அப்பவும் ஓடுது பாருங்க."

திருவேங்கடம் கோபத்தோடு மறுபடி போன் போட்டார். "எல்லாத்தையும் அணைச்சாச்சும்மா. மீட்டர் நிக்காம சுத்துது. முன்னாடி ஓடுனதைவிட வேகமா ஓடுது." அந்தப் பெண் அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். பிறகு, ஆள் அனுப்புவதாகச் சொன்னாள்.

ஆள் வரும்வரை சும்மா இருக்க மாசிலாமணிக்கு மனசில்லை. "இது வெளியாள் வேலை. பெட்டிக்குக் காவல் போடணும்" என்றார். பஜாரில் ஒரு கேமரா வாங்கிவந்து, பெட்டிக்கு எதிரே மாட்டினார்கள். கேமரா பிடிக்கிற படம் அந்தப் பெட்டி வழியாகவே போய், நாலு பேர் போனிலும் தெரியும். அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கப் பெட்டியைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். வேறு எதையும் பார்க்கவில்லை. டேட்டாவை மிச்சம் பிடிக்க வேண்டுமல்லவா.

பெட்டியின் பச்சை விளக்கு படபடவென்று சிமிட்டியது. போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், சிமிட்டல் அடங்கியது. வந்து போனை எடுத்தால் மறுபடி ஆரம்பித்தது. இதை அலமேலுதான் முதலில் பார்த்துச் சொன்னாள். நால்வரும் கிணற்றடியில் கூடி ஆலோசித்தார்கள்.

"நாம பார்க்காதப்போ அவன் எடுக்கறதில்ல. நாம பார்க்கும்போதுதான் எடுக்கிறான்" என்றார் திருவேங்கடம்.

"எவ்வளவு கொழுப்பு பாருங்க. கண்ணெதிர்ல எடுக்கிறான்" என்றார் குப்புராஜ்.

"கேமராவையும் கையில போட்டுக்கிட்டிருப்பான். அதைக் கண்காணிக்க இன்னொரு கேமரா வாங்கணும்" என்றார் மாசிலாமணி.

"வாங்கணும்" என்றார் அந்தோணிசாமி.

வாங்கினார்கள். முதல் கேமரா பெட்டியைப் பார்த்தது, இரண்டாவது கேமரா முதல் கேமராவைப் பார்த்தது. மாதத்தில் முதல் வாரம் முடிவதற்குள் டேட்டா சுத்தமாகத் தீர்ந்து, பெட்டி படுத்துவிட்டது. அன்று சாயங்காலம் சம்பந்தி போனில் சிரித்த சிரிப்பு திருவேங்கடத்துக்கு வாழ்நாளில் மறக்காது.

கம்பெனியிலிருந்து செல்வின் என்ற ஆள் வந்தான். பெட்டியைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான், கேமராவைப் பார்க்கிற கேமராவைப் பார்த்தான். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"சார், மீட்டர் நல்லாத்தான் இருக்கு. டேட்டாவைத் தின்னது இந்தக் கேமராதான்" என்றான்.

"காவல்காரனையே திருடன்னு சொல்றியேப்பா" என்றார் மாசிலாமணி, மனம் புண்பட்டு.

செல்வின் நல்ல பிள்ளை. பேரன் விவகாரத்தைக் கேட்டு இரக்கப்பட்டு, ஆபீசில் பேசிக் கொஞ்சம் டேட்டா போட்டுக் கொடுத்தான். "பேர் வைக்கிற அளவுக்கு இது தாராளம். அதுவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க. கேமரா வேண்டாம், ஆள் பார்த்தா போதும்" என்றான். குப்புராஜின் போனில் மீட்டர் பக்கத்தைத் திறந்து காட்டினான். "அன்னிக்கு நீங்க இதையே பார்த்துக்கிட்டிருங்க. டேட்டா தீர்ந்ததும் நெட் ஒரு நிமிஷம் ஓடும், அப்புறம்தான் நிக்கும். தீர்ந்தவுடனே சத்தமா சொல்லிடுங்க. பெரியவர் சட்டுனு பேரைச் சொல்லிடலாம்."

மாதக் கடைசிவரை யாரும் எதையும் தொடவில்லை. திருவேங்கடம் மட்டும் கொல்லையில் வாழை மரத்தின் அருகே போய், "வைத்தியலிங்கம், வைத்தியலிங்கம், வைத்தியலிங்கம்" என்று சொல்லிப் பழகிக்கொண்டார்.

விழா நாள் வந்தது. வீடு முழுக்க மாவிலை கட்டினார்கள். ஒரே போனில் நாலு பேரும் முகம் காட்டினால் குழந்தைக்கு யார் யாரென்று தெரியாது என்பதால், ஹாலில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு வீடியோ கால் போட்டார்கள். குப்புராஜ் மட்டும் தன் காலை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு, மீட்டர் பக்கத்தையும் திறந்துவைத்துக்கொண்டார். நல்ல நாளும் அதுவுமாகக் கோயில் லைவை நிறுத்திவைக்கக் குப்புராஜுக்கு மனசு வரவில்லை. டிவியைப் போட்டுவிட்டு, டேட்டா போகாமலிருக்க அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு வந்தார்.

மங்கை பட்டுப் புடவையில் தெரிந்தாள். மடியில் சின்னதாக ஒரு முகம். அதைப் பார்த்ததும் திருவேங்கடம் போனை இன்னும் கிட்டே இழுத்தார். அவருடைய அப்பாவின் அதே மூக்கு. பின்னால் சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"அப்பா, நேரமாச்சு. காதுகிட்ட வைக்கிறேன், சொல்லுங்க" என்று சொல்லி, மங்கை போனைக் குழந்தையின் காதோடு ஒட்டிப் பிடித்தாள். தோஹாவில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

திருவேங்கடம் கண்ணைத் துடைத்தார். தொண்டையைக் கனைத்தார். வாயைத் திறந்தார்.

"தீர்ந்துபோச்சு" என்று கத்தினார் பக்கத்தில் இருந்த குப்புராஜ்.

மாசிலாமணி அவரைப் பார்த்துக் கண்ணாலேயே என்னவென்று கேட்டார். "தீர்ந்துபோச்சு" என்றார் குப்புராஜ்.

அந்தோணிசாமி கடைசியாகப் பேசியவரை ஆமோதித்தார். "தீர்ந்துபோச்சு."

படம் அப்படியே உறைந்து, மறைந்தது. திருவேங்கடம் திறந்த வாயை மூடவில்லை.

அரை மணி நேரம் கழித்து மங்கை சாதாரணக் காலில் கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அப்பா, முகூர்த்தத்துல மூணு தடவை காதுல விழுந்தாச்சாம். இனிமே மாத்தினா குழந்தைக்கு ஆகாதுன்னு மாமா சொல்லிட்டாரு. தட்டுல பரப்பின சர்க்கரையில அந்தப் பேரையே எழுதிட்டாங்க."

"எந்தப் பேரு?"

"தீர்ந்துபோச்சு."

சம்பந்தி வீட்டிலும் மூளை பொதுவில் ஒன்றுதான் போலிருக்கிறது. திருவேங்கடத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அப்போ கோவர்த்தனம் இல்லையே?"

"இல்லப்பா."

அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று ஆனந்தக் கண்ணீர் வந்தது. அலமேலு தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். நாலு பேரும் வெல்லம் தின்று கொண்டாடினார்கள். தின்று முடிக்கும்போது மாசிலாமணியின் முகம் மாறியது.

"சம்பந்தி குழந்தை இருக்கிற வீட்லதானே இருக்காரு? எல்லாரும் தூங்கும்போது போய்க் காதுல கோவர்த்தனம்னு சொல்லிட்டா?"

இது நியாயமான பயமாகவே எல்லோருக்கும் பட்டது. மறுநாளே ஒரு கேமராவைத் தோஹாவுக்குப் பார்சல் அனுப்பினார்கள். மங்கையைக் கெஞ்சி, தொட்டிலுக்கு மேலே குழந்தையின் காதைப் பார்த்தபடி அதை மாட்டவைத்தார்கள். காம்பவுண்டில் நாலு வீட்டிலும் நாலு போனில் பகலும் இரவும் ஒரு குட்டிக் காது தெரிந்தது. நால்வரும் முறை வைத்துக்கொள்ளாமல், எல்லோரும் எப்போதும் பார்த்தார்கள்.

அந்த மாதமும் பாதி ஆவதற்குள் பெட்டி படுத்துவிட்டது. திருவேங்கடம் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார்.

"உங்க மீட்டர் இன்னும் பொய்தான் சொல்லுதும்மா. நாங்க பார்க்கிறது ஒரே ஒரு காது. ரெண்டு காதுக்கு உண்டான டேட்டாவைப் பிடிச்சிருக்கீங்க" என்றார்.