கரிச்சான் சொன்ன எட்டுக் காதம்

அந்தக் காலத்தில் மாட்டுக்கும் குருவிக்கும் மனிதரோடு வாயாடத் தெரியும். கரிச்சான் குருவிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

கொற்கைக் கரையில் பேராச்சி என்றொருத்தி உப்பு விற்றுவந்தாள். அவளுக்கு உறவென்றும் உடைமையென்றும் இருந்தது மயிலை என்ற பொதிமாடு ஒன்றுதான். மயிலை நாளுக்கு இரண்டு காதம் நடக்கும். எத்தனை நாள் வழியோ அத்தனை நாள் தண்ணீரை முதலில் தோல்பைகளில் கட்டுவாள் பேராச்சி. மீதி பாரத்துக்குத்தான் உப்பு.

மழை பொய்த்த ஒரு வருடம், பழகிய ஊர்களில் உப்பு வாங்க ஆளில்லை. முதல்முறையாக மதுரைக்குக் கிளம்பினாள்.

"ஏ கரிச்சான், நீ மதுரைக்குப் போயிட்டு வந்தவனாமே. எவ்வளவு தூரம்?"

"எட்டுக் காதம், அக்கா. சிறகடிச்சு எண்ணினது. கூடவும் கூடாது, குறையவும் குறையாது."

எட்டுக் காதத்துக்கு நாலு நாள். பேராச்சி நாலு நாள் தண்ணீரைக் கட்டிவிட்டு, இன்னொரு பொதி உப்பையும் ஏற்றினாள். ஆசை யாரை விட்டது?

பாதையோ தேரி மணலைச் சுற்றியது, முள்காட்டை ஒதுங்கியது, வறண்ட குளங்களின் கரைகளில் ஏறி இறங்கியது. நாலாம் நாள் உச்சிவேளையில் தோல்பைகள் காலி. மதுரை கண்ணுக்கே தெரியவில்லை. மயிலை முன்னங்கால் மடங்கிப் படுத்துவிட்டது. பேராச்சி பொதிகளை அவிழ்த்துத் தள்ளிவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். உப்பு போனால் போகட்டும், மாடு போனால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

கூடவே பறந்துவந்த கரிச்சான் ஒரு கிளையில் உட்கார்ந்து முணுமுணுத்தது. "என் கணக்கு தப்பில்லையே."

"தப்பில்லைதான்," என்றது மயிலை. "அது மேல போற கணக்கு. ஒரு தடவை என் முதுகுல உக்காந்து பாரு."

குருவிக்கு முகம் சுண்டிவிட்டது. இறங்கி வந்து உட்கார்ந்தது. மயிலை தள்ளாடி எழுந்து சிறிது தூரம் நடந்தது. எவ்வளவு நடந்தும் பாதை வளைந்துகொண்டே போனது. முதுகு நடுங்குவது குருவியின் காலுக்குத் தெரிந்தது. பொறுக்கமாட்டாமல் விர்ரென்று மேலே எழும்பியது.

இடப்பக்கம் ஒரு சுனை, கூப்பிடு தூரத்தில். ஆனால் நடுவே கால் புதையும் தேரி. வலப்பக்கம் ஓர் ஊருணி, இரண்டு மடங்கு தள்ளி. வழியெல்லாம் இறுகிய மண். நேற்றென்றால் கரிச்சான் சுனையைத்தான் காட்டியிருக்கும்.

"வலது பக்கம் வாங்க, அக்கா. பறக்கிறதுக்கு அதுதான் தூரம். நடக்கிறதுக்கு அதுதான் கிட்ட."

பொழுது சாய்வதற்குள் மயிலை ஊருணியில் முழங்கால் நனைய நின்று குடித்தது. அது குடிக்கக் குடிக்கப் பேராச்சி அழுதாள், பிறகு சிரித்தாள். தள்ளிவிட்ட உப்பில் பாதியை மீட்டுக்கொண்டு ஏழாம் நாள் மதுரை சேர்ந்தார்கள். பாதை பன்னிரண்டு காதம் என்று, ஊர் திரும்பும்போது மயிலையின் முதுகிலிருந்தே எண்ணிச் சொன்னது கரிச்சான்.

மாட்டின் முதுகில் கரிச்சான் சவாரி செய்வதும், பறந்து போனாலும் திரும்பி வந்து அங்கேயே உட்காருவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். இன்ன ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், நம் ஆட்கள் பதில் சொல்லுமுன், "எதுல போறீய?" என்று கேட்டுக்கொள்வதும் அன்று முதல்தான்.