அணைய மறுத்த கம்ப்யூட்டர்

எங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டர் துறைத் தலைவர் வைகுந்தநாதன், தலைக்கனத்துக்கென்று தனி நாற்காலி போடவேண்டிய ஆள். ஆயுத பூஜைக்கு மறுநாள் அவருடைய கம்ப்யூட்டர் அணைய மறுத்தது; அணைத்த மறுநொடியே தானாக எழுந்துகொண்டது.

"பூஜையில இந்தப் பொம்பளை அப்பின சந்தனம் உள்ள இறங்கிடுச்சு மேடம்!" என்று லேப் உதவியாளர் செல்லக்கிளியைக் காட்டி முதல்வரிடம் கத்தினார். "இப்பவே சரி பண்ணட்டும், இல்லேன்னா வேலையை விட்டு அனுப்புங்க."

பன்னிரண்டு வருஷமாக மெக்கானிக்குகளின் கையைப் பார்த்தே தொழில் கற்றவள் செல்லக்கிளி. "ஆன் ஆகும்போதே பயாஸுக்குள்ள, அதான் மெஷினோட அடிப்படை செட்டிங்குக்குள்ள, போய்ப் பார்க்கணும் சார். பாஸ்வேர்ட் என்ன?"

"உன்கிட்ட சொல்வேனா? என்னைத் தவிர அதுக்குள்ள ஈ எறும்புகூட நுழைய முடியாது!" என்று மார்தட்டிவிட்டு அவரே பாஸ்வேர்டை அடித்தார்.

நெட்வொர்க் கேபிளில் சின்ன சிக்னல் வந்தாலும் கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் செட்டிங் ஒன்று அங்கே ஆனில் இருந்தது. செல்லக்கிளி அதை ஆஃப் செய்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தாள். அது அணைந்தே கிடந்தது.

"இதை யார் மாத்தினது?" என்றார் முதல்வர்.

"சந்தனமாத்தான் இருக்கும் மேடம்," என்றாள் செல்லக்கிளி. "சாரோட பாஸ்வேர்ட் அதுக்கும் தெரிஞ்சிருக்கு போல."