தேவாங்கு கட்டிய ஒட்டு

புன்னைமடுக் காட்டில் நாச்சி என்றொரு தேவாங்கு இருந்தது. உருண்டைக் கண், ஒல்லிக் கை, நிதானமான நடை. அது ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போவதற்குள் அணில் காட்டையே சுற்றி வந்துவிடும். ஆனால் எந்தப் பொருள் கையில் கிடைத்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நாச்சிக்குச் சாப்பாடு இறங்காது.

அதே காட்டில் கொம்பையா என்ற யானை கணினி விளையாட்டுக் கம்பெனி நடத்திவந்தது. அந்தக் கம்பெனியின் 'ஏழுமலைப் பயணம்' என்றால் எல்லாருக்கும் உயிர். மழைக்காலத்தில் பாதையெல்லாம் சேறாகிவிட்டால் மான், முயல், பன்றி எல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்துவிடும். விளையாட்டில் மலையேற வேண்டும். அருவியைத் தாண்ட வேண்டும். வழியில் ஒரு பூதம் துரத்தும். அதனிடம் தப்பி ஏழாவது மலையின் உச்சிக்குப் போனால் அங்கே ஒரு சுனை. வாய் வைத்துக் குடித்தால் வெற்றி!

நாச்சியும் மெல்ல மெல்ல ஏறிச் சுனைத் தண்ணீரைக் குடித்தது. மற்றவை அதோடு விட்டுவிட்டன. நாச்சிக்கோ விரல் துறுதுறுத்தது. விளையாட்டின் கோப்புகளைத் திறந்து, அருவி எப்படி விழுகிறது, பூதம் எப்படித் துரத்துகிறது என்று துருவ ஆரம்பித்தது.

அப்போதுதான் பக்கத்துப் பொந்திலிருந்து இருளாயி வௌவால் வந்தது.

"ஏ நாச்சி! எங்கே போனாலும் ஏழுமலைப் பேச்சுத்தான். எனக்குத் திரையில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. மேடு எது, பள்ளம் எது, ஒன்றும் புரியவில்லை. காதால் பறக்கிறவளுக்கு அந்த மலையில் இடமில்லை போலிருக்கிறது!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னது. ஆனால் சொல்லி முடித்ததும் இறக்கையை மடக்கி முகத்தை மூடிக்கொண்டது. நாச்சிக்கு மனது கேட்கவில்லை.

அன்றிலிருந்து நாச்சிக்கு வேறு வேலையே இல்லை. பள்ளம் வந்தால் காற்று ஊளையிட வேண்டும். பாறை வந்தால் காலடி 'டொக்'கென்று கேட்க வேண்டும். பூதம் இடப்பக்கம் வந்தால் இடக்காதில் உறுமல். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓசை வைத்தது. ஓசை மாறிப்போய் ஒரு நாள் அருவி அழுதது. இன்னொரு நாள் பாறை குரைத்தது. நாச்சி அலுக்காமல் பிரித்துப் பிரித்துக் கட்டியது.

மாமரத்தில் வேறொரு கிளையை வைத்துக் கட்டினால் அதை ஒட்டு என்கிறோம் அல்லவா? அதனால் நாச்சியும் இதற்கு ஒட்டு என்றே பெயர் வைத்தது. கணினியில் ஒட்டைப் போட்டுவிட்டு இருளாயியைக் கூப்பிட்டது.

இருளாயி கண்ணை மூடிக்கொண்டு விளையாடியது. விழுந்தது, எழுந்தது, பூதத்தின் கையில் மாட்டியது. கடைசியில் முதல் மலையைத் தாண்டியபோது போட்ட கூச்சலில் மரத்திலிருந்த கொக்குகளெல்லாம் பறந்துவிட்டன!

செய்தி பரவியது. "எனக்கும் ஒன்று கட்டித் தா!" என்று பாம்பு வந்தது. கையில்லாத பாம்பு வாலால் விளையாடும்படி, நாச்சியிடம் கற்றுக்கொண்ட முள்ளம்பன்றி ஓர் ஒட்டுக் கட்டியது. ஓட முடியாத ஆமை, தானே கற்றுக்கொண்டு, பூதத்துக்கு முட்டிவலி வைத்துவிட்டது. நாலடி ஓடினால் பூதம் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொள்ளும்! அத்திமரத்தடி இவர்கள் கூடும் இடமாயிற்று. சண்டைக்கும் குறைவில்லை. முள்ளம்பன்றியின் ஒட்டையும் ஆமையின் ஒட்டையும் சேர்த்துப் போட்டால் அருவி தலைகீழாக மேலே பாயும்.

"உன்னால்தான்!" என்றது ஆமை.

"உன் முட்டிவலியால்தான்!" என்றது முள்ளம்பன்றி.

சாயங்காலம் வரை கத்திவிட்டு, பிறகு இரண்டும் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்து அதைச் சரிசெய்தன. இதையெல்லாம் செய்யச் சொல்லி யாரும் அவற்றைக் கேட்கவில்லை. செய்ததற்கு யாரும் ஒரு வாழைப்பழம்கூடத் தரவில்லை. ஒருவர் தெரிந்துகொண்டதை மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் வேலப்பன் என்ற குரங்கும் இருந்தது. அதற்கு விளையாட்டுக்குள்ளேயும் விளையாட்டு. ஒரு நாள் பூதத்தின் முகத்தை எடுத்துவிட்டுக் கொம்பையாவின் முகத்தை வைத்தது. தலையில் துண்டைக் கட்டிக் குத்தாட்டமும் போடவைத்தது. காடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சிரிப்புச் சத்தம் கம்பெனி வரைக்கும் போனது. கொம்பையாவின் வக்கீல் மாசானம் என்ற உடும்பு. எதைப் பிடித்தாலும் உடும்புப்பிடிதான்.

"முதலாளி! இன்றைக்கு உங்கள் முகத்தை எடுத்திருக்கிறார்கள். நாளைக்கு மலையை எடுப்பார்கள். மறுநாள் கம்பெனியையே எடுத்துக்கொள்வார்கள். பூட்டுப் போடுங்கள்!"

கொம்பையாவுக்கு அவமானத்தில் காது சிவந்திருந்தது. "சரி, போடு!" என்றது.

மறுநாள் விளையாட்டின் புதுப் பதிப்பு வந்தது. பழைய பதிப்பு யாருடைய கணினியிலும் திறக்கவில்லை. புதியதில் எந்த ஒட்டும் ஒட்டவில்லை. பாம்பின் வால் வேலை செய்யவில்லை. முட்டிவலி தீர்ந்த பூதம் ஆமையை விரட்டி விரட்டிப் பிடித்தது. 'இனி யாராவது ஒட்டுக் கட்டினால் அவருக்கு ஏழுமலையில் நிரந்தரத் தடை' என்று மாசானம் காடெங்கும் தண்டோரா போட்டது.

இருளாயி அப்போது ஐந்தாவது மலையில் பாதி ஏறியிருந்தது. காலையில் ஆசையாகக் கணினியைத் திறந்தது. ஒரு சத்தமும் இல்லை. விசைகளை மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தது. பிறகு மெல்லக் கூப்பிட்டது.

"நாச்சி, எனக்குக் காது அடைத்துவிட்டதா?"

நாச்சி வந்து பார்த்தது. "உங்கள் காதுக்கு ஒன்றுமில்லை, அக்கா. மலையைத்தான் ஊமையாக்கிவிட்டார்கள்."

அத்திமரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். வேலப்பன் தாவிக் குதித்தது.

"பூட்டை உடைப்போம்! விளையாட்டையே நகல் எடுத்துக் காடு காடாகப் பரப்புவோம்! கம்பெனிக்கு அப்போதுதான் புத்தி வரும்!"

"வேண்டாம்," என்றது நாச்சி.

"பயமா?"

"பயம்தான். ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. ஒட்டு நம்முடையது, வேலப்பா. அடிமரம் அந்த யானையுடையது. அதைத் திருடிக்கொண்டு போய் நட்டால், என் ஒட்டில் காய்க்கிற பழம் எனக்கே கசக்கும். நான் போய் நேரில் கேட்கிறேன்."

"கேட்டால் கொடுத்துவிடுவார்களா?"

"தெரியாது. இதுவரை யாரும் கேட்கவில்லையே!"

நாச்சி நடந்தது. இருளாயி தலைக்கு மேலே பறந்து வந்தது. வேலப்பன் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிறகு என்ன நினைத்ததோ, தானும் பின்னாலேயே வந்தது.

கம்பெனி வாசலில் மாசானம் வழியை அடைத்துப் படுத்திருந்தது. "முதலாளியைப் பார்க்க முடியாது. போங்கள்!"

"போகவே மாட்டேன். எனக்கு அவசரம் என்பதே கிடையாது. தேவாங்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்களே?" என்று சொல்லிவிட்டு நாச்சி அங்கேயே ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

பேச்சுச் சத்தம் கேட்டுக் கொம்பையாவே வெளியே வந்தது. வேலப்பனைப் பார்த்ததும் பிளிறியது. "நீதானே என்னை ஆடவிட்டவன்!"

வேலப்பன் கையைக் கட்டிக்கொண்டது. "சிரிப்புக்காகச் செய்தேன், முதலாளி. உங்களைக் கேட்காமல் செய்தது தப்பு. எடுத்துவிடுகிறேன்."

"சிரிப்பாம்! நான் என்ன அவ்வளவு மோசமாகவா ஆடுவேன்?"

நாச்சி முன்னால் வந்தது.

"ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள். பழைய பதிப்பு உங்களிடம் இருக்கும். என் ஒட்டைப் போட்டு, இந்த அக்காவை உங்கள் முன்னால் ஒரு தடவை விளையாட விடுங்கள். பார்த்துவிட்டு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள்."

கொம்பையா வேண்டாவெறுப்பாகத் தலையாட்டியது.

இருளாயி கணினி முன் தொங்கியது. கண்ணை மூடியது. காற்று ஊளையிட்டது. இருளாயி ஒதுங்கியது. வலக்காதில் உறுமல். இடப்பக்கம் பாய்ந்தது. பார்வை தெளியாத ஒரு வௌவால், கண்ணுள்ளவர்கள் தடுமாறும் பாறைகளில் தாவித் தாவி ஏறியது. கொம்பையா வாயைத் திறந்தபடி நின்றது.

மூன்றாவது மலையில் மழை பிடித்துக்கொண்டது. தேக்கிலையில் விழுந்தபோது 'படபட'. மூங்கிலில் 'சளசள'. பாறையில் 'சடசட'. எந்த மழைத்துளி எதன்மேல் விழுகிறது என்று கேட்டுக் கேட்டே இருளாயி வழியைக் கண்டுபிடித்தது.

கொம்பையாவின் காது ஆடாமல் நின்றுவிட்டது.

"இந்த மழை… இது உனக்கு எங்கே கிடைத்தது?"

"உங்கள் விளையாட்டுக்குள்ளேதான், ஐயா. ஒரு மூலையில் யாரும் தொடாமல் கிடந்தது. இவ்வளவு அழகான மழையை யார் வேண்டாமென்று போட்டார்கள் என்று எனக்கு ஆறவேயில்லை. எடுத்துத் தூசு தட்டிப் பெய்யவிட்டேன்."

கொம்பையா மெல்லத் தரையில் உட்கார்ந்தது.

"நான்தான் பதிவுசெய்தேன். கம்பெனி தொடங்கிய புதிதில், ஒரு மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு மரமாகப் போய் நனைந்துகொண்டு நின்றேன். விளையாட்டைச் சீக்கிரம் வெளியிட வேண்டும் என்று எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். மழையைச் சேர்க்க நேரமில்லாமல் விட்டுவிட்டேன். அப்புறம் எனக்கே மறந்துபோயிற்று."

மாசானம் துள்ளியது. "முதலாளி! நம் பொருளை எடுத்ததாக வாக்குமூலமே கொடுத்துவிட்டது! வழக்குப் போட இது போதும்!"

"மாசானம், மழையைக் கேட்கவிடு," என்றது கொம்பையா.

மழை ஓய்ந்த பிறகு கொம்பையா நாச்சியைப் பார்த்தது. "ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். ஆளுக்கொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் நான் செய்தது என்று சொல்ல என்ன மிஞ்சும்?"

நாச்சி யோசித்தது. அதற்கு எதையும் உடனே சொல்லி வழக்கமில்லை.

"இந்த அக்கா இப்போது எங்கே ஏறிக்கொண்டிருக்கிறார், ஐயா? நீங்கள் கட்டிய மலையில்தானே? மலை பிடிக்காதவர்கள் கீழே இறங்கிப் போயிருப்பார்கள். பிடித்ததால்தான் நாங்கள் படிக்கட்டு வெட்டினோம்."

கொம்பையா நீண்ட மூச்சு விட்டது. பிறகு சொன்னது: "பூட்டை எடுத்துவிடு, மாசானம். இவர்கள் திருட்டுத்தனமாக நுழைய வேண்டாம். ஒட்டுக் கட்ட என்னென்ன கருவி வேண்டுமோ, அதை நாமே கொடுப்போம். ஆனால் கட்டியவர் பெயர் அந்தந்த ஒட்டில் இருக்க வேண்டும். யார் முகத்தையும் அவரைக் கேட்காமல் வைக்கக் கூடாது."

"சரி முதலாளி," என்றது வேலப்பன், தரையைப் பார்த்தபடி.

"எங்களுக்கும் ஒரு நிபந்தனை உண்டு, ஐயா," என்றது நாச்சி. "புதுப் பதிப்பு வருவதற்கு முன்னால் எங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒட்டுகளை அதற்கேற்ப மாற்றிக் கட்டிக்கொள்வோம்."

"சொல்லாவிட்டால்?" என்று மாசானம் சீறியது.

"சொல்லாவிட்டால், யாராவது பாதி மலையில் நின்றுகொண்டு தன் காது அடைத்துவிட்டதா என்று கேட்பார்கள்."

மாசானம் பூட்டை எடுக்க உள்ளே போனது. பிடித்த பிடியை அது விட்டது அன்று ஒரு நாள்தான் என்று இப்போதும் காட்டில் பேசிக்கொள்கிறார்கள்.

பூட்டு அகன்றது. அத்திமரத்தடியில் இடம் போதவில்லை. பக்கத்துக் காடுகளிலிருந்தும் விளையாட வந்தார்கள், வந்தவர்களில் பலர் ஒட்டுக் கட்டுகிறவர்களாக ஆனார்கள். நீர்நாய் ஓர் ஆற்றையே கட்டிச் சேர்த்தது. அந்த ஆண்டு வெளிவந்த எத்தனையோ விளையாட்டுகளைக் காடு மறந்துவிட்டது. ஏழுமலையில் மட்டும் கூட்டம் குறையவில்லை.

கோடையில் கொம்பையா நாச்சியைத் தேடி வந்தது. "எட்டாவது மலை கட்டப்போகிறேன். இந்தத் தடவை அவசரப்படப் போவதில்லை. ஓசையெல்லாம் முதலிலேயே நீ கேட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்."

நாச்சி மகிழ்ச்சியில் பேச வாயெடுப்பதற்குள், பொந்திலிருந்து இருளாயி தலையை நீட்டியது.

"காது விஷயத்தை அவளிடம் ஏன் கேட்கிறீர்கள்? என்னிடம் கேளுங்கள்!"

கொம்பையா சிரித்துவிட்டுத் தன் முதுகைக் காட்டியது. வௌவாலும் தேவாங்கும் யானைமேல் ஏறிக் கம்பெனிக்குப் போயின.

ஒன்றைப் படைத்தவர், அதை நேசித்து மெருகேற்ற வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டால், அந்தப் படைப்பு அவர் தனியாக வளர்த்திருக்கக்கூடியதைவிடப் பெரிதாக வளரும்.