நரி விழுங்கிய ஊளை

மேற்கு மலையின் கிழக்கு அடிவாரத்தில், முள்மரமும் கள்ளியும் மண்டிய காட்டில், ஒரு நரியும் முயலும் முள்ளம்பன்றியும் ஒற்றுமையாக வாழ்ந்து வந்தன. நரியும் முயலும் எப்படி ஒற்றுமையாக இருக்கும் என்று கேட்காதீர்கள். இருந்தன, அவ்வளவுதான்.

முயலுக்கு ஒரே ஓர் ஆசை. காலையில் புதரைவிட்டு வெளியே வந்தால் எதிரே அந்த மலைதான் தெரியும். நீலமாக, உச்சியில் மேகத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கும். அந்த மேகத்துக்குள் என்னதான் இருக்கிறது? சாவதற்குள் ஒரு தடவை அதைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று முயல் ஏங்கிக்கொண்டிருந்தது.

"அதுக்கென்ன முயலக்கா, போயிட்டு வந்துடலாம்" என்றது நரி.

திட்டம் போடுவதில் நரியை மிஞ்ச ஆள் கிடையாது. யாரும் கேட்காவிட்டாலும் போடும். உச்சிக்குச் சற்றுக் கீழே எல்லைக்கல் இருக்கிறது, இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம், அங்கேதான் தேசியப் பூங்கா என்று அது விளக்கியது. பூங்கா என்றால் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்குமா என்று முள்ளம்பன்றி ஆவலாகக் கேட்டது. பாவம், அதற்குத் தெரிந்த ஒரே பூங்கா ஊருக்குள் இருக்கும் நகராட்சிப் பூங்காதான்.

எந்த ஓடையில் தண்ணீர் குடிப்பது, எந்தப் பாறையடியில் படுப்பது என்று எல்லாவற்றையும் நரியே முடிவு செய்தது. வழிக்கு வேண்டிய கிழங்குகளை முள்ளம்பன்றியின் முட்களில் குத்தி எடுத்துக்கொண்டன.

"உச்சிக்குப் போனதும் ஊளை விட்டாகணும்" என்றது நரி. அது நரிகளின் வழக்கம். புது இடத்தில் கால் வைத்ததும் தலையைத் தூக்கி ஊளையிடாவிட்டால், அந்த இடத்துக்குப் போனதாகவே அவை ஒத்துக்கொள்வதில்லை. அதோடு முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துச் சலசலக்க வேண்டும், முயல் பின்னங்காலால் தரையைத் தட்ட வேண்டும் என்றும் ஏற்பாடு. அடிவாரத்திலேயே ஒத்திகை நடந்தது. பக்கத்துப் புதரில் இருந்த கௌதாரிகள் பதறியடித்துப் பறந்தன.

இவ்வளவு யோசித்த நரி ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அங்கே குடியிருப்பவர்களுக்கு இது தோதான நேரமா என்று அதற்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

மூச்சு வாங்க ஏறி எல்லைக்கல்லை அடைந்தபோது, அதன் அருகே ஒரு வரையாடு அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. அது எழுந்து வழியை மறித்தது.

"இப்ப உள்ள போக முடியாது. குட்டி போடுற காலம்" என்றது.

நேற்றும் இன்றும் பிறந்த குட்டிகள் பாறை விளிம்புகளில் நிற்கின்றன, அவற்றின் கால்கள் இன்னும் உறுதிப்படவில்லை, சின்னச் சத்தம் கேட்டாலும் மிரண்டு பள்ளத்தில் விழுந்துவிடும் என்று வரையாடு எடுத்துச் சொன்னது. குட்டிகள் ஓட ஆரம்பித்த பிறகு வரச் சொன்னது.

முயலுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, மேகத்துக்கு இந்தப் பக்கமே நின்று திரும்புவதா?

நரி அதன் காதில் கிசுகிசுத்தது. "மூடுபனி இறங்கட்டும். சுத்திக்கிட்டுப் பின்பக்கமா ஏறிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

தப்பு என்று முயலுக்குத் தெரியும். ஆனால் ஆசை யாரை விட்டது? முள்ளம்பன்றியையும் அழைத்துக்கொண்டு நரியின் பின்னால் நடந்தது.

மூடுபனியில் தன் மூக்கே தனக்குத் தெரியவில்லை. தட்டுத் தடுமாறி ஏறின. ஓர் இடத்தில் ஏற்றம் முடிந்து கால் சமதளத்தில் பதிந்தது. உச்சி! நரி தலையைத் தூக்கி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்தது. முயல் பின்னங்காலை உயர்த்தியது.

அப்போது எதிர்க்காற்று வீசி, பனி விலகியது.

மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் பச்சைப் புல். இத்தனை காலம் முயல் அண்ணாந்து பார்த்த மேகம் இப்போது அதன் காலுக்குக் கீழே கிடந்தது. உலகம் இவ்வளவு பெரியது என்று அதற்கு யாரும் சொன்னதில்லை.

எதிரே ஒரு செங்குத்துப் பாறை. உள்ளங்கை அகலமே உள்ள அதன் விளிம்பில் ஒரு தாய் வரையாடு நின்றது. அதன் காலடியில் இப்போதுதான் பிறந்த குட்டி, உடம்பு ஈரம்கூடக் காயவில்லை. குட்டி முன்னங்கால்களை ஊன்றி எழுந்தது, விழுந்தது. மறுபடி எழுந்தது. ஒரு பின்னங்கால் விளிம்பைத் தாண்டி வழுக்கியது. ஒரு கூழாங்கல் உருண்டு விழுந்தது. அது தரையைத் தொட்ட சத்தம் கேட்கவே இல்லை.

முயல் உயர்த்திய காலைக் கீழே வைக்கவில்லை. முள்ளம்பன்றியின் முட்கள் ஒவ்வொன்றாக, ஓசைப்படாமல் படிந்தன. நரியின் தொண்டைவரை வந்துவிட்டது ஊளை. பல்லைக் கடித்து, கண்ணில் நீர் வர, அதை அப்படியே விழுங்கியது.

குட்டி நான்கு காலையும் ஊன்றி நின்றது. முட்டி முட்டி மடியைத் தேடிப் பால் குடித்தது.

வந்த திருட்டு வழியில் திரும்ப நரிக்கு மனம் வரவில்லை. நேராக எல்லைக்கல்லுக்கே வந்து தலைகுனிந்து நின்றது. உள்ளே போய் வந்ததை ஒளிக்காமல் சொன்னது.

வரையாடு காதுகளை நிமிர்த்தியது. "நரி மலை ஏறுச்சுன்னா ஊளை கேக்குமே. எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"விட முடியலை" என்றது நரி. "அந்தக் குட்டி எந்திரிக்கப் பட்ட பாட்டுக்கு முன்னாடி என் சத்தம் ரொம்பச் சின்னதாத் தெரிஞ்சுது."

"செஞ்சது தப்புதான்" என்றது வரையாடு. "குட்டிங்க ஓட ஆரம்பிக்கட்டும். அப்போ இந்த வழியா வாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

பெரியதைக் காணப் போகிறவர்கள், அங்கே வாழ்பவர்களின் நேரம் பார்த்துப் போக வேண்டும். தங்கள் சத்தத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.