பவளாயியின் கீழறைக்கு வந்த மூன்று வியாபாரிகள்

இந்தக் கதையில் ஒரு பெரிய சிரிப்பு இருக்கிறது. கரிச்சான் குருவி சீட்டி அதைத் தொண்டைக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தான். ஆனால் உடனே கிடைக்காது. முதலில் ஒரு வளையைச் சுத்தம் செய்தாக வேண்டும்!

ஓடைக்கரையில் ஒரு புளியமரம். மரத்தின் மேலே சீட்டி. மரத்தடியில், வளைக்குள், பவளாயி என்ற பெருச்சாளி.

சீட்டிக்கு எல்லார் குரலும் வரும். பருந்து மாதிரி ஒரு கூவல் விடுவான். காட்டுக்கோழிகள் புதருக்குள் விழுந்தடித்து ஓடும். இவன் கிளையில் புரண்டு சிரிப்பான். "உன் சொந்தக் குரல் எதுடா?" என்று அணில் ஒருநாள் கேட்டது. "உன் சொந்தக் குரல் எதுடா?" என்று அணிலின் குரலிலேயே திருப்பிக் கேட்டான் சீட்டி.

பவளாயியின் வளையில் கீழறை ஒன்று இருந்தது. பேருக்குத்தான் அறை. கொட்டாங்குச்சி, கவட்டைக் குச்சி, நத்தை ஓடு, மாங்கொட்டை என்று கண்ணில் பட்டதை எல்லாம் இழுத்து வந்து போட்டிருந்தாள். வாலை நீட்டக்கூட இடமில்லை. அவள் தொழிலோ தேங்காய் நாரைப் பல்லால் கிழித்து மெத்தை செய்வது. முயல் செல்லிக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. மழைக்கு முன்னால் மெத்தை வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள். நாரை விரிக்கவே இடமில்லாமல் மெத்தை எப்படி வரும்?

"இன்னைக்கு இதைப் பட்டறை ஆக்காம விடறதில்லை!" என்றாள் பவளாயி. "ஆனா கடலைக் குழியில ரொம்பக் கை வைக்கக் கூடாது. மழைக்காலம் முடியற வரைக்கும் எனக்கு அதுதான் சோறு."

அறுவடை முடிந்த கடலைக்காட்டில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்த நிலக்கடலை அது.

அன்று முழுக்க வளை வாசலில் குப்பை பறந்தது. கொட்டாங்குச்சி உருண்டது. குச்சிகள் விழுந்தன. சீட்டி மேலே இருந்து பார்த்தான். அவன் வால் துடித்தது. குறும்புக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்!

அந்த ஓடைக்கரையில் வளைவாசிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பகலில் வெளியே தலை நீட்ட மாட்டார்கள். விற்க வந்தவர் பொருளை வாசலில் வைத்துக் குரல் கொடுப்பார். விலை பேசியதும் புதருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார். உள்ளே இருப்பவர் பொருளை இழுத்துக்கொண்டு விலையை வைப்பார். முகம் பார்ப்பதில்லை. சீட்டி குரல் மாற்றுவான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் வியாபாரத்துக்கு வந்த குரலை யாரும் சந்தேகித்ததில்லை. வளை வாசலில் யார் பொய் பேசுவார்கள்?

மறுநாள் வாசலில் ஒரு குரல் இழுத்து இழுத்து வந்தது.

"ப...வ...ளா...யீ... நான்தாம்மா... ஆமை..."

"வாங்க மாமா! என்ன கொண்டு வந்தீங்க?"

"கொட்டாங்குச்சி... நாரைத் தரம் பிரிச்சுப் போட... சௌகரியம்..."

"அடடா, நேத்துத்தான் எல்லாத்தையும் வெளிய தள்ளினேன்!"

"அது பழசு... இது... தேய்ச்சு வச்சது..."

தேய்க்கவும் இல்லை, மாய்க்கவும் இல்லை. அவள் தள்ளியதையே சீட்டி புதர் மறைவில் சேர்த்துவைத்து, திரும்ப உருட்டி வந்திருந்தான். பவளாயி பேரம் பேசினாள், முனகினாள், கடைசியில் ஒரு கொட்டாங்குச்சி நிறையக் கடலையை வைத்தாள். பொருளைக் கீழறைக்குக் கொண்டுபோனதும் அவள் கூவியது மேலே வரை கேட்டது.

"சுவர்ப் பள்ளத்துல அளவெடுத்த மாதிரி உட்காருதே!"

உட்காராமல் என்ன செய்யும்? பல வருஷமாக அதே பள்ளத்தில் கிடந்ததுதானே! சீட்டி அலகை இறக்கைக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

அப்போதே வாய்விட்டுச் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் ஒரு கொட்டாங்குச்சிக் கடலையோடு போயிருக்கும். ஆனால் அவனுக்குப் பெரிய சிரிப்பு வேண்டியிருந்தது. பட்டறை முடிந்து எல்லாரும் பார்க்க வரும் நாளில், கூட்டத்துக்கு நடுவில் குரல்களை எடுத்துவிட வேண்டும்!

அடுத்து முள்ளம்பன்றி வந்தது. "ஏய் பெருச்சாளி! கவட்டைக் குச்சி வேணுமா, வேணாமா? சட்டுனு சொல்லு, எனக்கு ஆயிரம் வேலை!" பவளாயி பயந்துகொண்டே வாங்கினாள். சுவரில் செருகி நார்க்கயிறுகளை வரிசையாகத் தொங்கவிட்டாள். அப்புறம் கிளி வந்தது. "அக்கா அக்கா, நத்தை ஓடு அக்கா! முள்ளு ஊசி போட்டு வைக்கலாம் அக்கா! உங்க மூஞ்சிக்கு ரொம்பப் பொருத்தம் அக்கா!" அதையும் வாங்கினாள்.

கீழறை பளிச்சென்று ஆனது. கடலைக் குழியில் அடிமண் தெரிந்தது.

"பரவாயில்லை" என்று பவளாயி தனக்குத்தானே சொல்வது சீட்டிக்குக் கேட்டது. "தினம் ஒரு வேளை சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டா ஓட்டிடலாம்."

சீட்டி கடலை தின்பவன் இல்லை. அவனுக்குப் பூச்சிதான் சாப்பாடு. வந்த கடலையை எல்லாம் ஒரு மரப்பொந்தில் கொட்டி வைத்திருந்தான். விளையாட்டு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம், அவளும் சேர்ந்து சிரிப்பாள் என்று நினைத்தான்.

மழை முந்திக்கொண்டது. இரவும் பகலும் கொட்டியது. கீழே பட்டறையில் பவளாயி நார் கிழித்தாள். செல்லியின் மெத்தை பிரசவத்துக்கு முன்னால் முடிந்தது. மழை விட்டதும் வாசலில் இருந்து அவள் கூப்பிட்டாள்.

"சீட்டிக் கண்ணு, மேலதானே இருக்கே? கொஞ்சம் நார் மிச்சம். உன் கூட்டுக்கு அடியில போட்டுக்கோ. நனைஞ்சுட்டுக் கிடப்பியே!"

"விலை என்ன அக்கா?" என்றான் சீட்டி, மைனாவின் குரலில்.

"போடா! உனக்கென்ன விலை!"

அவன் நாரை எடுத்தான். கூட்டுக்குப் போகவில்லை. நேராக மரப்பொந்துக்குப் பறந்தான். பொந்துக்குள் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. கடலை ஊறி, அழுகி, பச்சைப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. ஒவ்வொன்றாக அலகால் புரட்டினான். அவளுக்கு ஒரு வேளைக்குக்கூட நல்லது தேறவில்லை.

மறுநாள் மாலை எல்லாரும் பட்டறை பார்க்க வந்தார்கள். முயல் செல்லி வந்தாள், அணில் வந்தது. ஆமையும் மெல்ல வந்து சேர்ந்தது. சீட்டி கிளையில் உட்கார்ந்திருந்தான். குரல்கள் தயாராகத்தான் இருந்தன. அவனால்தான் வாயைத் திறக்க முடியவில்லை.

"எல்லாம் ஆமை மாமா குடுத்த கொட்டாங்குச்சியில ஆரம்பிச்சது!" என்றாள் பவளாயி பெருமையாக, ஒன்றை வாசலுக்கு எடுத்து வந்து.

"நானா?" ஆமை கழுத்தை நீட்டியது. "ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்து... இன்னைக்குத்தானேம்மா வர்றேன்."

"விளையாடாதீங்க மாமா. பேரம் பேசினோமே!"

பவளாயி கொட்டாங்குச்சியை வெளிச்சத்தில் திருப்பினாள். இத்தனை நாள் இருட்டில் தடவி மட்டுமே பார்த்த பொருள். விளிம்பில் இரண்டு பல் தடம் தெரிந்தது. குட்டியாக இருந்தபோது பல் தினவெடுத்து அவளே கடித்தது.

அவள் அதை ஒருமுறை முகர்ந்தாள். வளையின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கிளையை அண்ணாந்து பார்த்தாள்.

"சீட்டி" என்றாள். "அந்த ஆமைக் குரலை இன்னொரு தடவை பேசு."

சீட்டி அலகைத் திறந்தான். ஆமை வரவில்லை. கிளி வரவில்லை. யாரும் இதுவரை கேட்டிராத மெல்லிய கீச்சு ஒன்று வந்து, பாதியில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

"மூணு பேருமே நீதானா கண்ணு?" என்றாள் பவளாயி.

நம்பி இருப்பவரின் சோற்றை எடுத்து விளையாடினால், திருப்பிக் கொடுக்க நினைக்கும் நேரத்தில் சோறும் இருக்காது, சிரிப்பும் வராது.