பத்தாம் நாள் படம்

குற்றாலிங்கம் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். ஐம்பதை எட்டும் வயதில் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஆசைப்பட்டு, தன்னைவிடப் பத்து வயது இளையவரான கண் மருத்துவர் செசிலியாவிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். மாணவரைக் குரு 'சார்' என்பார். குருவை மாணவர் 'மேடம்' என்பார். இதில் இருவருக்கும் கூச்சமில்லை.

மறுநாள் ஆய்வுக்குழு கூடுகிறது. குற்றாலிங்கம் நோட்டை நீட்டினார்.

"சர்க்கரை கூடினா கண்ணுக்குள்ள நச்சு சேருது. அதை முறிக்கிற நொதியும் அங்கேயேதான் இருக்கு. அப்புறமும் ஏன் மேடம் பார்வை போகுது? நாளைக்கு இதைத்தான் கேப்பாங்க."

செசிலியா நோட்டில் ஒட்டியிருந்த படங்களைப் புரட்டினார். விழித்திரைச் செல்களைத் தட்டில் வளர்த்து, தினமும் சர்க்கரைக் கரைசல் ஊற்றி எடுத்த படங்கள். நொதியைக் கூட்டிய தட்டில் ஒன்பது நாளும் செல்கள் ஜம்மென்று இருந்தன.

"பத்தாம் நாள் எங்க சார்?"

"எடுக்கலை மேடம்."

பொய். எடுத்திருந்தார். அதைக் காட்டத்தான் மனசு வரவில்லை.

"தட்டு இருக்குல்ல? இப்பவே பாத்துடுவோம்."

வசமாக மாட்டிக்கொண்டார். தட்டை நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தார்.

"என்ன தெரியுது?"

"பாதி செத்துப்போச்சு மேடம்."

செசிலியா தட்டைப் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நுண்ணோக்கியை இடது கண்ணால் பார், வலது கண்ணால் தாளைப் பார்த்துப் படம் வரை என்று இருபத்தைந்து வருஷம் பிள்ளைகளை விரட்டிய மனிதர் குற்றாலிங்கம். இரண்டு குழல் உள்ள கருவியிலும் இடது கண்ணைத்தான் வைப்பார். ஆய்வுக்கூடமே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

"இன்னைக்கு ஏன் சார் வலது கண்?"

அவர் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தார்.

"இடதுல தூசி."

"எத்தனை நாளா?"

"திங்கக்கிழமையிலேர்ந்து. கறுப்பா நூல் நூலா மிதக்குது. நாளைக்குப் பேசி முடிச்சிட்டு காட்டலாம்னு…"

"சுகர்?"

"போன டெஸ்ட்ல நார்மல்தான்."

"டெஸ்டுக்கு முன்னாடி எத்தனை நாள் வாயைக் கட்டுனீங்க?"

"ரெண்டு நாள்."

"சுகர் வந்து எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு."

செசிலியா போனை எடுத்து, நாளைக்குக் குற்றாலிங்கம் வரமாட்டார் என்று குழுவுக்குச் சொன்னார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை எடுத்தார்.

குற்றாலிங்கத்தை அப்போதும் வாத்தியார் புத்தி விடவில்லை.

"அப்போ நொதி தோத்துப்போச்சா மேடம்?"

"அது ஒண்டியா மாரடிச்சுக்கிட்டுத்தான் சார் இருந்துச்சு. நீங்கதான் சர்க்கரையை ஊத்துறதை நிறுத்தவே இல்லை. அண்ணாந்து பாருங்க."

குற்றாலிங்கம் அண்ணாந்தார்.